ரெண்டு வாரத்துல பழகிடும்

‘தூரம் சூப்பராத் தெரியுதும்மா’ என்று வாடிக்கையாளர் சொன்னால் கண்ணாடிக் கடைக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். சின்னவளுக்கு அன்று காலை பதினோரு மணிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

சொன்னவர் அச்சகத்தில் பிழை திருத்துகிற அம்மாள். கண்ணாடி வாங்கிப் போய் ஆறு நாள்தான் ஆகிறது. அதற்குள் குறை சொல்ல வந்து, கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றார்.

"எதிர்ப்பக்கத்துக் கடை போர்டு எழுத்து எழுத்தாத் தெரியுது. பஸ் நம்பர் தெரியுது. அதெல்லாம் யாருக்கு வேணும்? என் கம்ப்யூட்டர் தெரியல. கோழி தண்ணி குடிக்கிற மாதிரி மோவாயத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன். கழுத்து ரெண்டா விட்டுப்போகுது."

‘ரெண்டு வாரத்துல பழகிடும்’ என்ற வாக்கியம் சின்னவளின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். பாதிக் குறைகள் அதைக் கேட்டதுமே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அன்றைக்கு அது வெளியே வரவில்லை.

அம்மாளுக்கு அவள் கொடுத்தது ஆபீஸ் லென்ஸ். கையிலிருக்கும் காகிதத்திலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும்தான் அதில் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் கலங்கல். நாள் முழுக்கத் திரையையும் தாளையும் பார்ப்பவர்களுக்கென்றே செய்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் நம்பரைப் படிக்க யாராலும் முடியாது.

"ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க" என்றாள்.

கையில் வாங்கியதுமே பாதி உயிர் போயிற்று. கண்ணாடி காற்றாக இருந்தது. அம்மாளுக்கு எழுதியது சாதாரண பிளாஸ்டிக், இது அதன் கனம் இல்லை. லென்ஸில் வாயை வைத்து ஊதினாள். ஒவ்வொரு லென்ஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் கம்பெனிக்காரன் பொறித்து வைத்திருக்கும் அடையாளம், மூச்சுக்காற்றின் ஆவியில்தான் இரண்டு விநாடி மேலே வரும். அவளுக்கு அது ஒரு கீறலாகத்தான் தெரிந்தது. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மறுபடி ஊதிப் பார்த்தாள். சின்ன வட்டம். ஆபீஸ் லென்ஸில் சதுரம் இருக்கும். வட்டம் என்றால் புரோகிரசிவ், தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில்.

மேசை இழுப்பறையைத் திறந்து, லென்ஸ் வந்த தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை எடுத்தாள். கையை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"அம்பத்தொண்ணு அறுபத்தெட்டு. இதுதானே உங்க பில் நம்பர்? சரியாத்தானே குடுத்திருக்கேன்."

அம்மாள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். வேலையே அதுதானே அவருக்கு. "எட்டு இல்லம்மா அது. மூணு. அறுபத்து மூணு."

சின்னவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். எட்டு சற்றே வாயைத் திறந்து மூன்றாகியது.

அறுபத்து மூன்று அத்தானுடையது.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். அக்காவுக்கு ஐந்து வயது இளையவள், அவ்வளவுதான். இப்போது நாற்பத்தொன்பது வயது, இன்னும் சின்னவள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாகக் கட்டடங்களின் வயிற்றுக்குள் இருக்கிற இருட்டுக் குழியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பவர். போன மாதம் அவர் ஒரு திருகாணியை ஓட்டைக்குப் பக்கத்திலே வைத்து முறுக்கிக்கொண்டிருந்ததைக் கூட்டாளி பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு தங்கை கடைக்கு வந்துவிட்டாள்.

அத்தானின் பழைய கண்ணாடி நடுவில் கோடு போட்டது. மேலே தூரம், கீழே கிட்டம். கை நீட்டுகிற தூரம் இரண்டிலும் சிக்காது, ஆனால் அவர் வேலையே அந்தத் தூரத்தில்தான்.

"புரோகிரசிவ் போடுங்க அத்தான். மேல தூரம், நடுவுல கைதூரம், கீழ படிக்க. கோடே இருக்காது."

"ஒரே வாசல்ல மூணு கடையா?"

"ஓரத்துல மட்டும் கலங்கலா இருக்கும். பக்கத்துல பாக்கணும்னா கண்ணத் திருப்பாதீங்க, தலையத் திருப்புங்க."

"உங்கக்கா கூப்பிட்டா உடம்போட திரும்பித்தான பழக்கம்" என்றார் அத்தான். அக்கா அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

லென்ஸ் எதில் செய்வது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. அக்காவுக்கு மெல்லிசாக வேண்டும், சோடாபுட்டி மாதிரி இருக்கக் கூடாது. ஹை இண்டெக்ஸ் என்கிற மெல்லிய லென்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அத்தானுக்கு அசல் கண்ணாடியே போதும், கீறல் விழாதே என்றார். சின்னவள் இரண்டு பேரையும் விடவில்லை.

"இரும்புத் தூள் பறக்கிற எடம். அசல் கண்ணாடி உடைஞ்சா சில்லு கண்ணுக்குள்ள போகும். பாலிகார்பனேட்தான். லேசா இருக்கும், உடையாது. கீறல் விழும், விழட்டும். ஆனா கண்ணு தப்பிச்சுடும்."

"டாக்டரம்மா சொன்னா சரி" என்றார் அத்தான். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கிண்டல்தான், ஆனால் கிண்டல் மட்டும் இல்லை. அவள் சொன்னதை அவர் மருந்துச் சீட்டு மாதிரி மனதில் எழுதிக்கொள்வார்.

கண்ணாடி கொடுத்த அன்று அவள் மூன்று விஷயம் சொன்னாள். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை கழற்றக் கூடாது. கீழே இறங்கும்போது மோவாயை நெஞ்சோடு சேர்த்து, மேல்பாகத்தால் காலைப் பார்க்க வேண்டும். முதலில் தரை மிதக்கிற மாதிரி இருக்கும், பயப்படக் கூடாது, ரெண்டு வாரத்துல பழகிடும். சொல்லிவிட்டுப் பழைய கண்ணாடியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். அது கையில் இருந்தால் புதிதைப் பழக மாட்டார்கள் என்பது அவள் அனுபவம்.

கொடுக்குமுன் லென்ஸ் மேல் இருக்கும் மஞ்சள் மைக் கோடுகளை அட்டையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அன்று அக்கா மகளின் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாள். பேச்சு சுவாரஸ்யத்தில் அத்தானுடையது, அச்சக அம்மாளுடையது, இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டாள் சின்னவள். ஒரே கறுப்பு ஃபிரேம், கால் பவர் வித்தியாசம். துடைத்த பிறகு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தட்டுச் சீட்டின் எண்ணைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்தாள்.

எண்ணைக்கூடச் சரியாகப் படிக்க முடியாத கண்ணுக்கு, அவள் தனக்கென்று ஒரு கண்ணாடி செய்துகொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் சோதித்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவள் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. சோதித்தால் அது தெரிந்துவிடும், சோதிக்காவிட்டால் இல்லை என்று ஒரு கணக்கு அவள் மனதில். படித்த பெண் போடுகிற கணக்கா அது? ஆனால் பயத்துக்குப் படிப்பு எங்கே ஏறுகிறது.

இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவள் தலைக்குள் ஓடியது. கடைசியாக ஓடியதுதான் அவளை நாற்காலியைப் பிடிக்க வைத்தது. முந்தாநாள் அத்தான் போன் செய்திருந்தார்.

"டாக்டரம்மா, தூரத்துல எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கே?"

"அப்பிடித்தான் அத்தான் இருக்கும். கழட்டிடாதீங்க."

"சேச்சே. நீ சொல்லிட்டியே."

சிரித்துக்கொண்டே போனை வைத்திருக்கிறாள் பாவி.

இப்போது அவர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அத்தான் எங்க இன்னிக்கு?"

"அந்தப் பன்னெண்டு மாடிக் கட்டடம், பெரிய பாலத்துக்குப் பக்கத்துல. குழிக்குள்ள இறங்கினா போனைப் பையில வச்சிடுவாரே. ஏன்டி?"

"சும்மாதான். ஸ்குரூ ஒண்ணு டைட் பண்ணணும்."

"உன் கண்ணாடிய ரொம்ப மதிக்கிறாருடி. குளிக்கிறப்பதான் கழட்டறார்னா பாத்துக்கோ" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

சின்னவள் போனை வைத்தாள். இழுப்பறையிலிருந்து அத்தானின் பழைய கண்ணாடியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று பிழை திருத்துகிற அம்மாளிடம் சொன்னாள். அம்மாள் ‘நானா?’ என்று வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

டாக்ஸியில் உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும் அவள் மனதுக்குள் ஒரு கீழ்த்தரமான யோசனை வந்து வந்து போயிற்று. ஏதோ சின்ன ரிப்பேர் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. கடைப் பெயர் கெடாது. அந்த யோசனையை அவளே காறித் துப்பினாள், ஆனால் அது போகவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கட்டடத்து வாசலில் காவலாளி செய்தித்தாளை மடித்தார். "லிஃப்ட் வேலை நடக்குது. படியிலதான் போகணும்."

"லிஃப்ட்காரர் எந்த மாடி?"

"ஒம்பதுல கதவத் திறந்து வச்சிருக்கார். கூட்டாளி மொட்டை மாடி ரூம்ல."

"கரண்ட்ட நிறுத்துங்க. தயவுசெஞ்சு மெயின நிறுத்துங்க!"

"அம்மா, உள்ள ஆள் இருக்கிறப்ப அவங்க சொல்லாம நான் ஒரு ஸ்விட்சையும் தொடக்கூடாது. தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது. ஓடினாள். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் கால் பின்னியது. ஏழாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு மாடியிலும் மூடிய லிஃப்ட் கதவுகளுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

ஒன்பதாவது மாடியில் மஞ்சள் பலகை ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்திருக்க, செவ்வகமாக ஓர் இருட்டு. அந்த இருட்டின் விளிம்பில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தான் நின்றார். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி இடுப்பில் சும்மா தொங்கியது. உள்ளே இறங்கி நின்ற பிறகுதான் அதை மாட்டுவார்கள் போலிருக்கிறது.

மோவாயை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே. ஆனால் மேல்பாகத்தில் தூரம் இருப்பது அந்த அம்மாளின் முகத்தில் இருக்கும் கண்ணாடியில். இவர் கண்ணில் இருப்பதில் எந்தப் பாகத்திலும் இல்லை.

வலது கால் வெளியே இருந்தது. பூட்ஸ் நுனியால் இருட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். குளத்தில் இறங்குபவர் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி.

கத்தலாம் என்று வாய் திறந்தது. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார். அதுவும் தலையை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். சின்னவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்க முடியவில்லை. பிறகு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"அத்தான், சின்னவதான். காலை உள்ள எடுத்துக்குங்க."

"நீ எங்க இங்க?" அவர் திரும்பவில்லை. "இரு, இதோ இறங்கிட்டுப் பேசறேன். கூரை இந்தா, ஒரு அடிலதான் இருக்கு."

"அத்தான், கண்ணாடியக் கழட்டுங்க."

"நீதான கழட்டவே கூடாதுன்ன?"

கால் இன்னும் வெளியேதான் இருந்தது. டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யோசனை அந்த நேரத்திலும் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. ஸ்குரூ டைட் பண்ணணும்னு சொல்லு. சொன்னால் என்ன செய்வார்? ‘இறங்கிட்டுத் தரேன்’ என்பார். பொய்க்கு அவர் காலை உள்ளே இழுக்கிற பலம் இல்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன் அத்தான். மாத்திக் குடுத்துட்டேன். அது உங்க கண்ணாடி இல்ல. அதுல கீழ இருக்கிறது உங்களுக்குத் தெரியாது. பழகற விஷயம் இல்ல அது. பழகவே பழகாது."

அவர் கால் மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வந்தது. இரண்டு பாதமும் தரையில் சேர்ந்தன. பின்னாலேயே மூன்று எட்டு வைத்து வந்தார். அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கையிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

மாட்டிக்கொண்டார். விளிம்புக்குப் போகாமல், மண்டிபோட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து உள்ளே போட்டார்.

ஒன்று எண்ணி முடித்து இரண்டைத் தொடங்கின பிறகுதான் ‘டங்’ என்று கேட்டது.

"ஏழாவதுல நிக்குது" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஒம்பதுக்குக் கீழ நிறுத்துன்னேன் கூட்டாளிகிட்ட. அவன் ஒண்ணு ரெண்டு மாடி முன்னப்பின்ன நிறுத்தறதுதான். அதனாலதான் எப்பவும் நாம பாத்துட்டுக் கால வைக்கிறது. நான் பாத்தேன் சின்னவளே. கூரை மஞ்சளா இருந்துச்சு. கிட்டத்துல இருந்துச்சு."

முதல் தடவையாக அவளை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி, கால்சட்டையை மேலே தூக்கினார். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் நீலமும் பச்சையுமாகக் காயம். ஆறு நாளாக இடித்துக்கொண்டது.

"பழகிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.

"அக்காகிட்ட..."

"நீயே சொல்லு. நான் சொன்னா கொலை விழும்."

சொன்னாள். கொலை விழவில்லை. ஆனால் அக்கா ஒன்பது நாள் அவளிடம் பேசவில்லை. பத்தாம் நாள் போன் செய்து, பேசாமல் அழுதாள்.

பிழை திருத்துகிற அம்மாள் அன்று மாலை வரைக்கும் கடையைப் பார்த்துக்கொண்டார். வந்த இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசி அனுப்பியிருந்தார். சுவரில் இருந்த அறிவிப்பில் இரண்டு எழுத்துப் பிழைகளைப் பேனாவால் திருத்தியும் வைத்திருந்தார்.

அந்த வாரமே சின்னவள் கண் டாக்டரிடம் போனாள். காத்திருந்த நேரத்தில் கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கிவிட்டாள். அம்மாவுக்கு வந்தது அவளுக்கு இல்லையாம். வெறும் வயசாம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கப் பயந்துதான் நாலு வருடம் கையை நீட்டி நீட்டிப் படித்திருக்கிறாள். அதற்கு இன்னொருவர் காலைப் பணயம் வைத்திருக்கிறாள்.

அவளுடைய புரோகிரசிவ் வந்தது. முதலில் அதை மாட்டிக்கொண்டு, அத்தானின் புதுக் கண்ணாடிச் சீட்டை அவர் எதிரிலேயே எண் எண்ணாகப் படித்தாள். மஞ்சள் கோடுகளை அட்டையில் வைத்துச் சரிபார்த்தாள். ஊதிப் பார்த்து வட்டத்தை அவருக்கும் காட்டினாள். அவர் ஒரு வார்த்தை கேலி பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார்.

கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். கடை வாசலில் மூன்றே படிகள். பத்தொன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய படிகள். குனிந்து பார்த்தாள். முதல் படி எழும்பி வந்தது. கடைசிப் படி தரையோடு கரைந்து கிடந்தது. மோவாயை நெஞ்சோடு சேர்த்தாள். படிகள் விலகி வேறெங்கோ போயின. அவள் வலது கால் தானாக நீண்டு, செருப்பு நுனியால் காற்றைத் துழாவியது.

அந்தக் கால் நுனியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இது சரியான கண்ணாடி. இது மூன்று படி. வெயில் அடிக்கிற பட்டப்பகல். இதற்கே இப்படி என்றால், அவர் ஆறு நாள் எதன்மேல் கால் வைத்துக்கொண்டிருந்தார்?

அசையாமல் நின்றாள். முன்னே போக முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை.

அத்தான் முன்னாலேயே இறங்கிக் கீழே நின்றிருந்தார். பழகிடும் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி வந்து கையை நீட்டினார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் எண்ணறேன்" என்றார். "ஒண்ணு."